9 கரண்ட் (கதிர்வீச்சு) முடிந்தது, இனிமேல் வரமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

செய்யாற்றங்கரை (ஞாயிறு, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், அதனால் நீளமாக எழுதிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் செய்யாறு பக்கம். என் அம்மாவோடு 20 வருடமாக நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று எல்லாவற்றுக்கும் சேர்ந்து போகிற ஒரு அக்கா இருக்கிறார், வயது 44. தை மாதத்திலிருந்தே ரத்தப்போக்கு இருந்திருக்கிறது. தீட்டு நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆடியில்தான் என் அம்மாவுக்கே தெரிந்தது. சதை எடுத்து டெஸ்ட் செய்து, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், இரண்டாம் நிலை, 2பி என்று சொல்லிவிட்டார்கள். சென்னையில் ஒரு அரசு மருத்துவமனையில் சேர்த்து, 25 கரண்ட், வாரம் ஒரு கீமோ ஊசி, கடைசியில் உள்ளே வைக்கிற கரண்ட் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதுவரை 9 கரண்ட், 2 ஊசி முடிந்தது (நடுவில் ஒரு நாள் மெஷின் ரிப்பேர்). வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தவர், இனிமேல் போகமாட்டேன், எனக்கு ரத்தம் நின்றுபோச்சு, இதுவே போதும் என்கிறார்.

வீட்டுக்காரர் செய்யாறு விற்பனைக் கூடத்தில் மூட்டை தூக்குகிறவர். போனால் ஒரு நாளைக்கு 600, 700 வரும். இரண்டு வாரமாக அவரும் சென்னையிலேயே இருந்ததால் வருமானம் சுத்தமாக இல்லை. பெண் பத்தாம் வகுப்பு. ஒரு கறவை மாடு. குழுக் கடன் ஒன்று, செவ்வாய்க்கிழமை தோறும் தவணை. சென்னையில் தங்குவதற்கு உறவுக்காரர் வீடு இருந்தது, ஒரே அறை, பொதுக் கழிப்பறை. அவர்களும் முகம் சுளிக்க ஆரம்பித்துவிட்டார்கள் போல. மருந்துக்குக் காசு கேட்கவில்லை, ஆனால் மற்றதற்கெல்லாம் இதுவரை 14,000 ஆகிவிட்டது என்கிறார்.

நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். நண்பர்களிடம் கேட்டால் ஒரு 30,000 சேர்த்துவிடலாம். ஆன்லைனில் நிதி திரட்டலாமா என்றும் யோசிக்கிறேன். எது சரியான வழி? காப்பீட்டு அட்டையும் அவர்களிடம் இல்லை, அது வேறு.

ஓய்வுபெற்ற நர்ஸ்

தம்பி, காசு சேர்ப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். நாளை திங்கள், அதுதான் இப்போதைய பிரச்சினை.

ரேடியேஷன் வார்டில் 11 வருடம் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். கர்ப்பப்பை வாய்க்கு வெளிக் கரண்ட், ஊசி, உள் கரண்ட் எல்லாம் சேர்த்து 8 வாரத்துக்குள், அதாவது 56 நாளுக்குள் முடிய வேண்டும் என்பது கணக்கு. அதைத் தாண்டி இழுக்கிற ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படுகிற வாய்ப்பு 1 சதவீதம் வரை குறைந்துகொண்டே போகும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சோறு பாதி வெந்திருக்கும்போது அடுப்பை அணைத்துவிட்டு மறுநாள் வந்து மூட்டினால் என்ன ஆகும், அதே கதைதான். ரத்தம் நின்றது கரண்ட் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், நோய் போய்விட்டது என்பதற்கு இல்லை. இதை நம்பி 8 கரண்டிலும் 12 கரண்டிலும் நின்றுபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், ஆறு மாதம் கழித்து அதே ஓபி வரிசையில் திரும்ப நிற்பார்கள், அப்போது எங்களால் செய்ய முடிந்தது ரொம்பக் கொஞ்சம். மாறாக, 2பி என்பது முழுசாகக் குணமாக்கவே வைத்தியம் பார்க்கிற நிலை. அதை அவருக்கு யாராவது தெளிவாகச் சொன்னார்களா? பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு டாக்டர் காலையில் 80 பேரைப் பார்க்கிற இடம் அது.

அப்புறம் ஒன்று. ஏன் வரமாட்டேன் என்று அவரை நேராகக் கேட்காதீர்கள். காசில்லை என்றுதான் சொல்வார். யார் கேட்டாலும் சொல்வதற்கு எளிதான காரணம் அது, பொய்யும் கிடையாது. உங்கள் அம்மாவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், "அங்கே காலையில எந்திரிச்சதுலேருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் ஒரு நாள் எப்படிப் போச்சு" என்று கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் அந்த இடத்தில் இருக்க வேண்டாம், வீட்டுக்காரரும் வேண்டாம். உண்மையான காரணம் அந்தப் பேச்சில் எங்கேயாவது வந்துவிடும்.

படுக்கை விஷயம்: கரண்ட் வைக்க வெளி நோயாளியாக வந்து போகிறவர்களுக்கும், தூரத்து ஊர் என்றால் வார்டில் இடம் கொடுப்பது உண்டு. இடம் இருந்தால் கொடுப்பார்கள், ஆனால் கேட்டால்தான். உறவுக்காரர் வீடு இருக்கிறது என்று முதல் நாள் சொல்லியிருப்பார்கள், சீட்டில் அப்படியே எழுதியிருக்கும், அதோடு முடிந்தது. ரேடியேஷன் டாக்டரிடமே "தங்க இடமில்லை, செய்யாற்றிலிருந்து வருகிறோம்" என்று சொல்லுங்கள். வார்டில் சேர்ந்துவிட்டால் நோயாளிக்குச் சாப்பாடு, பால், முட்டை அங்கேயே வந்துவிடும். பெண்கள் வார்டு என்பதால் கூட இருக்கிறவர் பெண்ணாக இருக்க வேண்டும், இதையும் இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

திசையன்விளை

அக்கா சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. தங்குகிற இடம் பற்றி மட்டும் என் அனுபவம்.

என் அம்மாவுக்கு 2016-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் பார்த்தோம். முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் 12 படுக்கையோடு ஆரம்பித்த இடம் அது, அதை வளர்த்த டாக்டர் சாந்தா அம்மா அப்போது உயிரோடு இருந்தார். வைத்தியச் செலவு எங்களைப் பெரிதாகக் கடிக்கவில்லை. கடித்தது என்னவென்றால் திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் நடந்த நடைதான். நான்கு தடவை போய் வந்த பிறகுதான் வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னார், ரயிலில் புற்றுநோயாளிக்குச் சலுகை இருக்கிறது என்று. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுக் கட்டணமும் கிடையாது, கூட வருகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. சாதாரண இரண்டாம் வகுப்பில் இரண்டு பேருக்குமே 75. மருத்துவமனையில் அதற்கென்று ஒரு படிவம் உண்டு, டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி முன்பதிவு கவுண்டரில் கொடுக்க வேண்டும். செய்யாற்றுக்கு ரயில் கிடையாது, உங்களுக்கு இது பயன்படாதுதான், ஆனால் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன். நான்கு தடவைக் காசு போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சென்னை மாநகராட்சி பெரிய அரசு மருத்துவமனைகளை ஒட்டி, நோயாளியோடு வருகிறவர்கள் இரவில் படுப்பதற்கென்றே காப்பகங்கள் வைத்திருக்கிறது, இலவசம். பிளாட்பாரத்தில் படுக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. சாப்பாட்டுக்கு அம்மா உணவகம், இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. கூட இருப்பவர் ஒரு நாளைக்கு 30 ரூபாயில் ஓட்டிவிடலாம்.

கேள்விக்குறி

எனக்கு ஒன்று புரியவில்லை. செய்யாற்றிலிருந்து காஞ்சிபுரம் ஒரு மணி நேரம்கூட ஆகாது. காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, அரசாங்கத்துடையது, அங்கேயும் கரண்ட் வைக்கிறார்கள். எதற்குச் சென்னை? தினமும் வீட்டிலிருந்தே போய் வந்திருக்கலாமே. மாடும் கெடாது, பெண்ணும் தனியாக இருக்க வேண்டாம். நாளைக்கே அங்கே மாற்றிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸ்

முதல் நாளே இதைச் சொல்ல ஆள் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பக்கத்தில் எங்கே கிடைக்கிறதோ அங்கே ஆரம்பிப்பதுதான் நல்லது. இப்போது காஞ்சிபுரம் தவிர மதுரை, கோவை, தஞ்சாவூர், திருநெல்வேலி, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் நவீன கதிர்வீச்சுக் கருவி வந்துவிட்டது, எல்லோரும் சென்னைக்கு ஓடி வர வேண்டியதில்லை.

ஆனால் 9 முடிந்த பிறகு இடம் மாற்றாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஸ்கேன் எடுத்து, எந்தக் கோணத்தில் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, உடம்பில் மை வைத்து ஆரம்பிக்கிறார்கள். வேறு இடத்துக்குப் போனால் அவர்கள் அதை முதலிலிருந்து போட வேண்டும், அதற்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகிவிடும். அந்த இடைவெளிதான் ஆகாது என்கிறேன். முடித்த பிறகு செக்கப்புக்கு டாக்டரைக் கேட்டு காரப்பேட்டைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இயற்கைவாசி

கரண்ட் வைத்தால் உடம்பு வெந்துபோகும். முள்சீத்தா இலைக் கஷாயம் 48 நாள் கொடுத்துப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் ஒருத்தர்...

கிணற்றடி

இயற்கைவாசி அவர்களே, அந்த 48 நாள்கூட இந்த அக்காவுக்கு மீதி இல்லை. மேலே 56 நாள் கணக்கு எழுதியிருப்பதைப் படித்தீர்களா? கீமோ ஊசி போடும்போது சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு வாரமும் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள், அந்த நேரத்தில் கண்ட கஷாயத்தையும் ஊற்றுவதா? தயவுசெய்து இந்த இழையில் வேண்டாம்.

செய்யாற்றங்கரை தம்பிக்கு. நானும் இதே நோயில் விழுந்து எழுந்தவள், ஆறு வருடம் ஆகிறது. ஆண்கள் நிறையப் பேர் இருக்கிற இடத்தில் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

இரண்டாவது வாரம் முடிகிற சமயத்தில் வயிறு போக ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு ஆறு தடவை, எட்டு தடவை. கரண்ட் வைக்கிற இடம் அப்படி. சிறுநீர் போகும்போது எரியும், அடக்க முடியாது. இதில் வேடிக்கை என்னவென்றால் கரண்ட் வைக்கும்போது மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும் என்பார்கள், குடல் மேலே தள்ளிப் போகும் என்பதற்காக. தண்ணீரைக் குடித்துவிட்டு வரிசையில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம், முன்னால் இருக்கிற நான்கு பேர் முடிகிற வரைக்கும். அது முடிந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம் ஊருக்கு! நான் ஒருமுறை திண்டிவனத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு முள்ளுச் செடிப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். புடவை நனைந்துபோய். அன்றைக்கு நானும் இனிமேல் போகமாட்டேன் என்று சொன்னேன், வீட்டில் எல்லோரும் காசுக்காகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தோட்டைக் கழற்றி அடகு வைத்துக் கையில் பணத்தைக் கொடுத்தார்கள். நான் என்ன சொல்வது?

ஐந்து வீட்டுக்கு ஒரு கழிப்பறை இருக்கிற இடத்தில் இந்த வயிற்றோடு காலையில் வாளி எடுத்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்றும் உண்டு. ஒட்டிக்கொள்ளும் என்று தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பார்கள். புற்றுநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அப்படி ஒட்டாது, கரண்ட் வைத்த உடம்பிலிருந்தும் எதுவும் வெளியே வராது, குழந்தையைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்ளலாம். இதை அந்தப் பத்தாம் வகுப்புப் பெண்ணிடமும் யாராவது சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. வயிற்றுப்போக்கை டாக்டரிடம் வாயைத் திறந்து சொன்னால் மாத்திரை தருவார்கள், அடங்கும். எங்களில் பாதிப் பேர் சொல்வதே இல்லை, சொன்னால் வைத்தியத்தை நிறுத்திவிடுவார்களோ, இல்லை ஆண் டாக்டராச்சே என்று. உப்பு சர்க்கரைக் கரைசல், மோர், ஜவ்வரிசிக் கஞ்சி. பழம் பச்சைக் காய்கறியைக் கொஞ்ச நாள் குறைத்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கான டயாபர் மெடிக்கலில் கிடைக்கிறது, பஸ்ஸில் போகும் நாளில் மட்டும் போட்டுக்கொண்டால் போதும், நான்கைந்து வாங்கிக் கொடுங்கள். மாற்றுப் பாவாடை ஒன்று பையில். மை வைத்த இடத்தில் சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள், அழிந்தால் அதற்கு ஒரு திட்டு விழும்.

இ-சேவை மையம் 3

காப்பீட்டு அட்டைக்கு வருகிறேன், இங்கே அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

முதலில் பயப்பட வேண்டாம், அரசு மருத்துவமனையில் அட்டை இல்லை என்பதற்காக வைத்தியத்தை நிறுத்த மாட்டார்கள். ஆனால் எடுத்து வைப்பது நல்லது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. வருட வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும் (முன்பு 72,000 ஆக இருந்தது, 2021 கடைசியில் ஏற்றினார்கள், அப்போது தகுதி இல்லை என்று திரும்பியவர்கள் இப்போது மறுபடி கேட்கலாம்). ரேஷன் ஸ்மார்ட் கார்டு, ஆதார், வருமானச் சான்று, இவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிற காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். உங்களுக்குத் திருவண்ணாமலை. சந்தேகம் இருந்தால் 1800 425 3993, கட்டணம் இல்லாத எண்.

எங்கள் மையத்தில் நான் அதிகம் பார்க்கிற சிக்கல் வேறு. கல்யாணமாகி 20 வருடம் ஆன பெண்ணின் பெயர் இன்னும் அப்பா வீட்டுக் கார்டில் இருக்கும், இல்லையென்றால் மாமனார் பெயரில் ஒரே கார்டு, அதில் மூன்று குடும்பம். ஆதாரில் ஒரு இனிஷியல், கார்டில் ஒரு இனிஷியல். நல்ல நாளில் யாருக்கும் இது தெரிவதில்லை, ஆஸ்பத்திரியில் போய் நிற்கும்போதுதான் தெரியும். இந்த அலைச்சலை அந்த அக்காவோ வீட்டுக்காரரோ செய்தால் இன்னும் மூன்று நாள் கூலி போகும். நீங்கள் நண்பர்கள் சேர்ந்து உதவ வேண்டும் என்றால், 30,000 ரூபாயைவிட லீவு போட்டு இரண்டு நாள் இந்தப் பேப்பர் வேலையைச் செய்து கொடுங்கள். காசும் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை!

வாரத் தவணைக்கு: கடன் கொடுத்த நிறுவனத்துக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு நகலோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து அவகாசம் கேளுங்கள். வாசலில் வந்து உட்கார்ந்து மிரட்டினால், கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2025-இல் சட்டமே வந்திருக்கிறது, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் குழுவில் மற்ற பெண்களிடம் முதலில் பேசுங்கள், ஒருத்தர் கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில்தான் விழும், அந்த அக்கா பயப்படுவது நிறுவனத்துக்கு இருக்காது, இந்தப் பெண்களுக்குத்தான்.

ஆன்லைன் நிதி திரட்டல் பற்றி என் கருத்து: அவர் படத்தையும் நோயையும் ஊர் முழுக்கப் போடப் போகிறீர்கள், ஆறு மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தவர் அவர். வேண்டாமே.

செய்யாற்றங்கரை (திங்கள், மதியம்)

இன்றைக்குக் கரண்டுக்குப் போகவில்லை. ஆனால் அம்மா காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் அக்கா சொன்ன மாதிரியே ஒரு நாள் எப்படிப் போச்சு என்று கேட்டிருக்கிறார். கிணற்றடி அக்கா, நீங்கள் எழுதியதை நான் படிக்கும்போது என் அம்மா போனில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், கொஞ்சம் ஆடிப்போய்விட்டேன். வெள்ளிக்கிழமை வரும்போது பஸ்ஸில் ஆகிவிட்டதாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொம்பளை மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாளாம். வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது, ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் 30,000 கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நாளைக்குப் போகச் சம்மதிக்க வைக்கப் பார்க்கிறோம். மாடு, செவ்வாய்த் தவணை இரண்டும்தான் நிற்கிறது.

ஓய்வுபெற்ற நர்ஸ்

போகும்போது கீமோவுக்கு முன்னால் எடுத்த ரத்த ரிப்போர்ட்டையும் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே என்றால் ரத்தம் ஏற்றச் சொல்வார்கள், ஆறு மாதம் ரத்தம் போனவர் என்பதால் அதற்கும் தயாராக இருங்கள். உங்கள் கம்பெனி நண்பர்களில் ரத்தம் கொடுக்க இரண்டு பேரைப் பேசி வையுங்கள். விட்டுப்போன நாளுக்கு டாக்டர் திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். திட்டிவிட்டு ஈடுகட்ட வழியும் செய்வார், சனிக்கிழமை கூடுதலாக வைப்பது உண்டு, சில சமயம் ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு ஒரே நாளில் இரண்டு.

செய்யாற்றங்கரை (சனி, இரவு)

தகவல் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிக்கவும், வாரம் முழுக்க அலைச்சல்.

செவ்வாயும் போகவில்லை. காலையில் குழுவில் தவணை கட்டுகிற இடத்துக்கு என் அம்மா போய், மறைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிட்டார் (அந்த அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான்). தவணை 850. குழுவில் மீதி 9 பேர். ஆளுக்கு நூறு ரூபாய்க்கும் குறைவு, ஆறு வாரத்துக்கு நாங்கள் கட்டிவிடுகிறோம், நீ போய்ப் படு என்று சொல்லிவிட்டார்கள். அதில் ஒருத்தி மட்டும் முணுமுணுத்தாளாம், அவளும் கட்டிவிட்டாள். நிறுவனத்துக்குக் கடிதம் எழுதவே வேண்டியிருக்கவில்லை.

புதன்கிழமை நான் லீவு போட்டு ஒரு கார் பேசி அழைத்துப் போனேன். டாக்டர் நன்றாகவே திட்டினார். ஆனால் வயிற்றுப்போக்கு என்று என் அம்மா வாயைத் திறந்ததும், இதை ஏன் யாரும் சொல்லவில்லை என்று அதற்கும் ஒரு திட்டு, உடனே மாத்திரை எழுதிவிட்டார். தங்க இடமில்லை என்று சொன்னோம், அன்றைக்குப் படுக்கை காலியாக இல்லை, ஒரு ராத்திரி பக்கத்திலிருந்த மாநகராட்சிக் காப்பகத்தில் என் அம்மாவும் அவரும் படுத்தார்கள், வியாழன் காலையில் வார்டில் இடம் கிடைத்தது. ஹீமோகுளோபின் 9.2. வெள்ளிக்கிழமை ரத்தம் ஏற்றினார்கள். இன்றைக்குச் சனிக்கிழமைக் கரண்டும் வைத்தார்கள், அடுத்த சனியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆக 13 முடிந்தது. அம்மா இரண்டு வாரம், வந்தவாசியிலிருந்து அவருடைய அக்கா இரண்டு வாரம் என்று கூட இருக்கப் பேசியிருக்கிறோம். வீட்டுக்காரர் ஊரில் மூட்டைக்குப் போகிறார். பேப்பர் வேலை எனக்கு, ரேஷன் கார்டில் அவர் பெயர் பின்னால் அப்பா இனிஷியலே இருக்கிறது, இ-சேவை நண்பர் சொன்னது அப்படியே.

மாடுதான் பெரிய கூத்து. அந்த அக்கா கை தவிர வேறு கையை அது விடுவதில்லை. வீட்டுக்காரர் இரண்டு நாள் உதை வாங்கினார், பால் செம்பு நசுங்கிவிட்டது. மூன்றாம் நாள் அக்காவின் பழைய புடவையை எடுத்துச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தார், மூன்று லிட்டர் கறந்தது. பெண் அதைப் போனில் படம் பிடித்து வார்டுக்கு அனுப்பிவிட்டாள். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லாம் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்களாம்.

நர்ஸ் அக்காவுக்கு ஒரு கேள்வி. உள்ளே வைக்கிற கரண்டை நினைத்து இப்போதே பயப்படுகிறார். அது எத்தனை தடவை?

ஓய்வுபெற்ற நர்ஸ்

டாக்டர் போடுகிற கணக்கைப் பொறுத்து இரண்டிலிருந்து நான்கு தடவை வரை இருக்கும், பெரும்பாலும் வாரம் ஒன்று. வலி தெரியாமல் இருக்க மயக்கம் கொடுத்தோ முதுகில் ஊசி போட்டோதான் வைப்பார்கள், முதல் நாள் இரவிலிருந்து வெறும் வயிறு. கருவி உள்ளே இருக்கிற நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும், வைப்பது சில நிமிஷம்தான், முன்னும் பின்னும்தான் நேரம் பிடிக்கும். எடுத்த பிறகு உடம்பில் எதுவும் இருக்காது. முதல் தடவைக்கு உங்கள் அம்மாவே கூட இருக்கட்டும், வந்தவாசி அக்காவின் முறையை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வையுங்கள்.